மே மாதத்தில் போர்வை

கேள்வி: ராமகிருஷ்ண மிஷன் தொடங்கிய நாளான மே 1-ஐ எங்கள் ஊர் பக்தர் குழு தொண்டு செய்து கொண்டாடியது. 50 முதியவர்களுக்குப் போர்வை கொடுத்தோம். போட்டோ சரியாக விழவில்லை என்று சிலரை மறுபடி மேடையேற்றி வாங்க வைத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. 'நல்லது நடந்தால் சரி, எப்படி நடந்தால் என்ன?' என்கிறார் செயலாளர். அடுத்த ஆண்டு ரத்ததான முகாமும் வைக்கப் போகிறார்களாம். அவர் சொல்வது சரியா?
- வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: சரியில்லை. உங்கள் மனசு சொன்னதுதான் சரி.

யார் பெயரால் விழா எடுத்தீர்களோ, அவரே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். 1884-இல் தட்சிணேசுவரத்தில் பேச்சுவாக்கில் 'ஜீவர்களிடம் தயை' என்ற சொல் வந்ததும் ராமகிருஷ்ணர் நின்றுவிட்டார். தயை காட்ட நாம் யார், சிவனாகவே பார்த்து சேவை செய்ய வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த நரேந்திரர், பின்னாளில் விவேகானந்தர் ஆனவர், அதை விடவே இல்லை. 1897-இல் கல்கத்தா பாக்பஜாரில், பலராம் போஸ் வீட்டில் அவர் மிஷனைத் தொடங்கியதற்கு விதை அந்தச் சொல்தான். எதிரே நிற்பவர் சிவன் என்றால், 'இன்னொரு தடவை வாங்குங்க' என்று சொல்ல வாய் வருமா?

அப்புறம், நாகப்பட்டினத்தில் மே மாதம் போர்வை யாருக்கு வேண்டும்? அந்தப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூக்குக் கண்ணாடி என்றிருப்பார்கள், பிரஷர் மாத்திரை என்றிருப்பார்கள். எனக்கு போட்டோவைவிடப் பெரிய வருத்தம் இதுதான்.

அதே 1897-இல் வங்காளத்தில் பஞ்சம் பிடித்த முர்ஷிதாபாத் பகுதியில் ராமகிருஷ்ணரின் சீடர் சுவாமி அகண்டானந்தர் நடந்து போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு முஸ்லிம் சிறுமி உடைந்த குடத்தின் முன்னால் அழுதுகொண்டு நின்றாள். வீட்டில் வேறு குடம் இல்லை, அம்மா அடிப்பாள் என்றாள். கையில் இருந்த சில்லறையில் புதுக் குடம் வாங்கிக் கொடுத்தார், தின்ன அவலும் வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பசித்த பிள்ளைகள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவரால் மேலே நடக்க முடியவில்லை. மே 15 அன்று மஹுலா கிராமத்தில் நிவாரணப் பணி தொடங்கியது. மிஷன் பிறந்து அப்போது இரண்டு வாரம். பஞ்சம் தீர்ந்ததும் அவர் கிளம்பிவிடவில்லை. அனாதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சார்காச்சியில் ஆசிரமம் அமைத்து, 1937-இல் மறையும்வரை அந்த மாவட்டத்தையே தன் ஊராக்கிக்கொண்டார். நாற்பது ஆண்டு! முதலில் அவர் கொடுத்தது அந்தச் சிறுமிக்கு அப்போது என்ன வேண்டுமோ அது, ஒரு குடம்.

ரத்ததானம் நல்ல யோசனை. கல்லூரிகள் மூடிக் கிடக்கும் கோடையில் ரத்த வங்கிகளுக்குக் கொடையாளர் கிடைப்பது கஷ்டம். ஆனால் எடுத்த ரத்தம் 35 முதல் 42 நாள்வரைதான் தாங்கும். ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஜூலையில் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு எதுவும் மிஞ்சாது. முதலில் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் போய்க் கேளுங்கள். மே 1-இல் கொஞ்சம் பேர், மற்றவர்கள் மாதாமாதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

செயலாளரிடம் ஒன்று கேளுங்கள்: போர்வை வாங்கிய அந்த 50 பேரின் பெயரும் வீடும் எழுதிய தாள் குழுவிடம் இருக்கிறதா? இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேர் கிளம்புங்கள். காமிரா வேண்டாம்.