அக்டோபர் 7க்கு இன்னும் ஒன்பதே நாள்: வாக்காளர் பதிவும் கருத்துக்கணிப்பும் – கேள்வி பதில்

இன்று செப்டம்பர் 28, 2024. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 38 நாள் இருக்கிறது. ஆனால் டெக்சஸ், ஜார்ஜியா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களில் வாக்காளர் பதிவு அக்டோபர் 7 அன்றே முடிகிறது. பதிவு, தபால் ஓட்டு, கருத்துக்கணிப்பை எப்படி வாசிப்பது, இவற்றைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் ஹாரிஸ் பக்கமா டிரம்ப் பக்கமா என்பது பதிலை மாற்றாது. "யார் ஜெயிப்பார்" என்று மட்டும் கேட்க வேண்டாம்.

வைகைக்கரை (பிளேனோ, டெக்சஸ்): மாநில அரசுத் தளத்தில் பதிவுப் படிவத்தை நிரப்பி மூன்று வாரமாயிற்று. வாக்காளர் அட்டை வரவில்லை. இன்னும் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். நீங்கள் இன்னும் பதிவே செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது. டெக்சஸில் இணையவழிப் பதிவு கிடையாது. டிரைவிங் லைசென்ஸை இணையத்தில் புதுப்பிக்கும்போது சேர்ந்து நடக்கும் பதிவு மட்டுமே விதிவிலக்கு. அந்தத் தளத்தில் நீங்கள் நிரப்பியது அச்செடுப்பதற்கான படிவம். அதை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, உங்கள் கவுன்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) பதிவாளருக்கு அனுப்பினால்தான் கணக்கு. ஒவ்வொரு தேர்தலிலும் ஏராளமானோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் மாநிலத் தளத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடுவது நல்லது. பெயரால் தேடினால் நம் பெயர்கள் முன்பின்னாகக் கிடந்து அகப்படாமல் போகும். இல்லையென்றால் இன்றே படிவத்தை அச்செடுங்கள். லைசென்ஸ் எண், அது இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இரண்டில் ஒன்று அவசியம். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது மேல். கவுன்டி நியமித்த தன்னார்வப் பதிவாளரிடம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் அக்டோபர் 7 தேதிக்குள் முத்திரை விழுந்திருக்க வேண்டும். திங்கள் மாலை பெட்டியில் போட்டால் மறுநாள் முத்திரை விழலாம், ஆகவே தபால் நிலையக் கவுன்டரில் கொடுத்து முத்திரை குத்தச் சொல்லுங்கள்.

மல்லிகைப்பூ (அட்லாண்டா அருகே): போன மாதம்தான் குடியுரிமை கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். லைசென்ஸில் அப்படியே தலைகீழ். கணவருக்கோ பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவிலிருந்து எல்லாவற்றிலும் 'எஃப்.என்.யூ.' ஒட்டிக்கொண்டு வருகிறது. பதிவு நிராகரிக்கப்படுமா?

இன்றைக்கு வந்த கேள்விகளில் இதுதான் நம்மவர்களுக்கு மிகவும் தேவையானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, புதிதாகப் பதிபவரின் லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ அரசுப் பதிவேடுகளோடு ஒப்பிடப்படும். பெயர், பிறந்த தேதி, எண் மூன்றும் பொருந்துகிறதா என்று கணினி பார்க்கும். இனிஷியலை ஒரு அலுவலகத்தில் விரித்து எழுதி, இன்னொன்றில் எழுத்தாகவே விட்டு, மூன்றாவதில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருக்கிறோம். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர்.

ஆகவே பதிவுப் படிவத்தில் சான்றிதழில் உள்ளபடி எழுதுவதா, லைசென்ஸில் உள்ளபடி எழுதுவதா என்றால், லைசென்ஸ் எண்ணைக் கொடுப்பவர் லைசென்ஸில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஒப்பீடு அந்தப் பதிவேட்டோடுதான் நடக்கிறது. 'எஃப்.என்.யூ.' என்பது 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம், பெயரே அல்ல. ஆனால் லைசென்ஸில் அது இருக்கும்வரை படிவத்திலும் இருக்கட்டும். திருத்தங்களைத் தேர்தல் முடிந்தபின் வரிசையாகச் செய்யுங்கள்: முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அடுத்து லைசென்ஸ், கடைசியில் வாக்காளர் பதிவு. இப்போது பாதியில் மாற்றினால் புதுச் சிக்கல் முளைக்கும்.

ஜார்ஜியாவில் இரண்டாவது கண்ணி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் துறையின் பதிவேட்டில் நீங்கள் இன்னும் கிரீன் கார்டுக்காரராகவே இருப்பீர்கள். அதனால் உங்கள் பதிவு 'குடியுரிமை நிலுவை' என்று நிற்கலாம். கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழையோ அமெரிக்கப் பாஸ்போர்ட்டையோ கவுன்டி தேர்தல் அலுவலகத்தில் காட்டினால் தீர்ந்துவிடும். வாக்களிக்கப் போகும்போதும் அதைக் கையில் வைத்திருங்கள். மாநிலத்தின் வாக்காளர் பக்கத்தில் உங்கள் நிலை 'செயலில் உள்ளது' என்று வரும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

சிகரம் (சான் ஹோசே): எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு கிரீன் கார்டு. லைசென்ஸ் அலுவலகத்தில் "ஓட்டுக்குப் பதிவு செய்யவா" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? எங்கள் ஆதரவை எப்படிக் காட்டுவது?

இல்லை என்று சொல்லுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: குடிமகன் அல்லாதவர் அந்தக் கட்டத்தில் டிக் போடவே கூடாது. அங்கிருக்கும் ஊழியர் எல்லாரிடமும் கேட்கும் வழக்கமான கேள்வி அது, உங்களுக்குத் தகுதி உண்டு என்று பொருளல்ல. குடியுரிமை உண்டென்று தவறாகச் சொல்வது 1996 சட்டத்துக்குப் பின் நாடுகடத்தல்வரை கொண்டுபோகும். குடியுரிமை விண்ணப்பத்திலும் "எப்போதாவது பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா" என்ற கேள்வி இருக்கிறது. தவறிப் பதிந்துவிட்டவர் ஓட்டுப் போடாமல் நேரே குடிவரவு வழக்கறிஞரிடம் போகட்டும்.

ஆதரவுக்கு வழி உண்டு. சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகத் தொலைபேசி அழைப்பது, கதவு தட்டுவது இருவருக்குமே சட்டப்படி சரி. நன்கொடை உங்கள் மனைவி கொடுக்கலாம், நீங்கள் கொடுக்கக் கூடாது. மனைவி பெயரில் உங்கள் பணத்தைக் கொடுப்பதும் கூடாது.

மழைக்காதலி (பிட்ஸ்பர்க்): நியூயார்க் டைம்ஸ்–சியனா கணிப்பில் நாடு முழுக்க 47–47 சமம். அதே வாரம் அவர்களே பென்சில்வேனியாவில் ஹாரிஸ் 50, டிரம்ப் 46 என்கிறார்கள். இரண்டில் எது பொய்? தூக்கம் போகிறது.

எதுவும் பொய்யில்லை. இரண்டும் தனித்தனி மாதிரிகள், தனித்தனிப் பிழை. மனக்கணக்குக்கு ஒரு வழி: 1ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். ஆயிரம் பேர் என்றால் சுமார் 3 சதவீதம். ஆனால் அது ஒருவரின் பங்குக்கான பிழை. இருவருக்கும் இடையிலான முன்னிலைக்குப் பிழை கிட்டத்தட்ட இரு மடங்கு, அதாவது 6 புள்ளி. 4 புள்ளி முன்னிலை என்று வந்தது உண்மையில் 2 புள்ளிப் பின்தங்கலாகவும் இருக்கலாம், 10 புள்ளி முன்னிலையாகவும் இருக்கலாம். மாதிரியில் குறைவாக வந்த பிரிவினரின் பதிலைக் கூட்டிக் கணக்கிட்டு (இதுதான் எடை கொடுப்பது) சரிக்கட்டும்போது இந்தப் பிழை இன்னும் சற்று விரியும்.

ஒரு கணிப்பைத் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். சராசரிகளில் நாடளவில் ஹாரிஸ் 2 முதல் 3 புள்ளி முன்னால், பென்சில்வேனியாவில் ஏறத்தாழ ஒரு புள்ளி. அது சமநிலை என்றே கொள்ள வேண்டும். நாடளவு எண்ணை விட்டு மாநிலங்களைப் பாருங்கள். அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் ஓட்டு; வெல்லத் தேவையான 270ஐத் தருவது மாநிலங்கள்தான். 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடளவில் 2.1 புள்ளி கூடுதலாக வாங்கியும் தோற்றார்.

எண்ணும் எழுத்தும் (சியாட்டில்): 2016, 2020 இரண்டிலும் டிரம்ப்பைக் குறைத்தே காட்டினார்கள். ஆகவே எல்லாக் கணிப்பிலும் ஹாரிஸின் முன்னிலையில் 4 புள்ளி கழித்துவிட்டுப் படிப்பதே சரி.

இல்லை. 2016க்கும் 2020க்கும் காரணம் வேறு வேறு. 2016இல் நாடளவுக் கணிப்புகள் பெரிதாகத் தவறவில்லை, மாநிலக் கணிப்புகள்தான் தவறின. பல நிறுவனங்கள் கல்வித்தகுதிக்கு எடை கொடுக்கவில்லை. பட்டதாரிகள் அதிகம் பதில் சொன்னதால் விஸ்கான்சின், மிச்சிகன் எல்லாம் கிளின்டன் பக்கம் சாய்ந்து தெரிந்தன. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்களும் டிரம்ப் பக்கம் போனார்கள். 2020இல் கல்விக்கு எடை கொடுத்தும் தவறியது. நாற்பது ஆண்டுகளில் இல்லாத பிழை. விஸ்கான்சினில் ஒரு கணிப்பு பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை காட்டியது, அவர் ஜெயித்தது 20,682 ஓட்டில். பிழையின் திசையும் நிலையானதல்ல. 2012இல் குறைத்துக் காட்டப்பட்டவர் ஒபாமா. அவர் ஏறக்குறைய 4 புள்ளியில் ஜெயித்தார், கேலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்போ அவரை எதிர்த்த ராம்னி ஒரு புள்ளி முன்னால் என்றது.

எண்ணும் எழுத்தும்: 2012இல் டிரம்ப் போட்டியிடவில்லை. அவர் பெயர் சீட்டில் இருக்கும்போதுதான் பிழை. இரண்டுக்கு இரண்டு.

இரண்டு தேர்தலை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் உங்கள் வாதத்தில் சாரம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்று நூறு எண்களை அழைத்தால் பேசுவது ஓரிருவர். நிறுவனங்களை நம்பாதவர் போனை எடுப்பதில்லை, அவர்களில் டிரம்ப்புக்கு வாக்களிப்பவர் அதிகம் என்றால் எந்த எடையும் அதைச் சரிசெய்யாது.

ஊர்க்குருவி (சிகாகோ): அப்படியென்றால் இப்போது எல்லாரும் '2020இல் யாருக்குப் போட்டீர்கள்' என்று கேட்டுச் சரிக்கட்டுகிறார்களே, அதற்குமேலும் 4 கழிப்பது ஒரே பிழைக்கு இரண்டு முறை அபராதம் போடுவதாகாதா?

ஆம், சரியான இடத்தைத் தொட்டீர்கள். பதில் சொன்னவர்களின் பழைய ஓட்டு 2020 முடிவோடு, அதாவது பைடன் 51, டிரம்ப் 47 என்று பொருந்தும்படி எடை கொடுக்கிறார்கள் பலர். போன் எடுக்காத டிரம்ப் ஆதரவாளருக்குப் பதிலாக, எடுத்தவருக்கு எடை கூடுகிறது. இதிலும் கோளாறு உண்டு. மனிதர்கள் ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்லும் போக்குடையவர்கள். அதைச் சரிக்கட்டும்போது தோற்ற கட்சிக்கு அளவுக்கு மீறி எடை போய்விடலாம். டைம்ஸ்–சியனா இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. கணிப்புக்குக் கணிப்பு வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணும் எழுத்தும்: ஆனால் போனே எடுக்காதவர், எடுத்த டிரம்ப் ஆதரவாளரைப் போலவே வாக்களிப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதம் இல்லை. அதனால்தான் 4 கழியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், கழிக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். இரு பக்கமும் 3, 4 புள்ளி விலகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் பென்சில்வேனியா செனட் போட்டியில் சில சராசரிகள் குடியரசுக் கட்சியின் ஆஸை முன்னால் காட்டின, ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மேன் ஏறக்குறைய 5 புள்ளியில் ஜெயித்தார். இதோடு இந்த விவாதத்தை நிறுத்துவோம், பதிவுக் கேள்விகள் காத்திருக்கின்றன.

புதுக்கோட்டைக்காரன் (ஹூஸ்டன்): டெக்சஸ் தளத்தில் படிவம் நிரப்பிவிட்டேன், போதுமல்லவா?

போதாது. மேலே வைகைக்கரைக்குச் சொன்னதைப் படியுங்கள். அச்சு, கையெழுத்து, அக்டோபர் 7.

நியூஜெர்சி அக்கா: பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் சொன்னதும் நாலு லட்சம் பேர் பதிவு செய்தார்களாமே?

இல்லை அக்கா. அவர் பகிர்ந்த இணைப்பின் வழியாக ஒரே நாளில் அரசின் பதிவுத் தளத்துக்கு வந்து பார்த்தவர்கள் நான்கு லட்சத்துக்கு மேல். பதிவு செய்தவர் எத்தனை என்பது வேறு கணக்கு. ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியபின் வந்த 'இத்தனை சதவீதம் பாய்ச்சல்' செய்திகளிலும் கவனம் வேண்டும். சிறிய எண் இரட்டிப்பானாலும் சிறிய எண்தான்.

கட்சிவாரிப் பதிவை (பதியும்போதே தம் கட்சியைக் குறிப்பது) வைத்து முடிவு சொல்வோரையும் நம்பாதீர்கள். விஸ்கான்சின், மிச்சிகன், ஜார்ஜியாவில் கட்சிப் பதிவே கிடையாது. பென்சில்வேனியாவில் உண்டு. 2008இல் பத்து லட்சத்துக்கு மேலிருந்த ஜனநாயகக் கட்சியின் பதிவு முன்னிலை இப்போது மிகவும் சுருங்கியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு, பல ஆண்டாகக் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவர்கள் பதிவை இப்போது மாற்றியது. உங்கள் நியூஜெர்சியில் பதிவு அக்டோபர் 15 வரை.

மழைக்காதலி: இன்னொன்று. பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு போடப் போகிறேன். எங்கே தவறும்?

நான்கு இடத்தில். சீட்டை முதலில் உள்ளுறையில் வையுங்கள். உள்ளுறை இல்லாமல் வந்த சீட்டைத் தள்ளிவிடுவார்கள். அந்த உள்ளுறையின் மேல் எதுவும் எழுதாதீர்கள். வெளியுறையில் கையெழுத்தும், பிறந்த தேதியை அல்ல, அன்றைய தேதியையும் போடுங்கள். நவம்பர் 5 இரவு 8 மணிக்குள் அலுவலகத்தில் சேர வேண்டும், அங்கே தபால் முத்திரைத் தேதி செல்லாது. டெக்சஸ் பதிவுக்கு முத்திரை, பென்சில்வேனியா ஓட்டுக்கு வந்துசேரும் நேரம்: இதைக் குழப்பிக்கொள்பவர் பலர். பதிவுக்கு அங்கே அக்டோபர் 21 வரை நாள் இருக்கிறது.

தென்றல் (ஃபீனிக்ஸ்): ஒரு கணிப்பில் ஆசியர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்ததாக அட்டவணை பார்த்தேன். கவலைப்பட வேண்டுமா?

ஆயிரம் பேரில் ஆசியர் நாற்பது பேர் இருந்தால், பிழை ஒருவரின் பங்குக்கே 15 புள்ளிக்கு மேல். பார்க்காதீர்கள்.

ஊர்க்குருவி: சரி, கடைசியாக, யார் ஜெயிப்பார்?

பதில் இல்லை.

பனைமரம் (டொராண்டோ): போன வாரம் இலங்கையில் இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணித்தான் அதிபரை அறிவித்தார்கள். அமெரிக்காவில் அப்படி உண்டா?

மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் மட்டும் அதிபர் தேர்தலுக்கு விருப்பு வரிசை உண்டு. இலங்கை முறையை அதை நன்கறிந்தவரிடம் கேளுங்கள்.

நியூஜெர்சி அக்கா: டல்லாஸில் இருக்கும் அம்மாவுக்கு 74 வயது, முதல் ஓட்டு. பதிவு ஆகிவிட்டது. ஆங்கிலம் வாசிக்க வராது. தம்பி கூடப் போகலாமா?

போகலாம். வாசிக்க இயலாதவர் தமக்கு விருப்பமானவரை உதவிக்கு அழைத்துச்செல்ல 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவருடைய முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. டெக்சஸில் தம்பி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். அம்மா சொல்வதை மட்டுமே குறிக்க வேண்டும், யாருக்குப் போடுவதென்று சாவடிக்குள் சொல்லித்தரக் கூடாது. கவுன்டி தளத்திலிருந்து மாதிரி வாக்குச்சீட்டை இறக்கி வீட்டிலேயே தமிழில் விளக்கிவிடுங்கள். டெக்சஸ் சாவடிக்குள் செல்போன் கூடாது, தாளில் எழுதி எடுத்துப்போகலாம். அடையாளத்துக்கு லைசென்ஸ் இல்லையென்றால் புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழே செல்லும். நகல் அல்ல, மூலம்.