மூத்தோர் சலுகைகள்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தில் பிறந்தவை: வீடு ஒரு மாநிலத்தில், பிள்ளைகள் இன்னொரு மாநிலத்தில். இதற்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சில சலுகைகள் வயதுக்காகக் கிடைப்பவை, சில முகவரிக்காகக் கிடைப்பவை. வயதுக்கான சலுகை எல்லை தாண்டியும் செல்லும். முகவரிக்கான சலுகை தாண்டாது.

திருத்தணியில் தனியாக இருந்த அம்மாவை (வயது 68) நகரிக்கு அழைத்து வந்துவிட்டேன். அங்கே முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வருகிறது. ஆந்திராவில் 4,000 தருகிறார்களாமே, இரண்டையும் வாங்கலாமா? இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, நகரி

இரண்டையும் வாங்கக் கூடாது. இரண்டு மாநிலத்திலும் ஆதார் எண்ணில்தான் பென்ஷன் பதிவாகிறது. பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

மாற்றலாம். ஆனால் அவசரப்பட்டு தமிழ்நாட்டுப் பென்ஷனை நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் கிராம சச்சிவாலயத்துக்கு (ஆந்திர அரசின் ஊர்ச் சேவை அலுவலகம்) போய் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். புதிய முதியோர் பென்ஷனுக்கு இப்போது மனு வாங்குகிறார்களா? எல்லா மாதமும் வாங்குவதில்லை. அடுத்தது, அம்மாவை உங்கள் ரைஸ் கார்டில் (ஆந்திர ரேஷன் அட்டை) சேர்த்தால் அவருக்குத் தகுதி உண்டா? அங்கே குடும்பத்தின் வருமானம், நிலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே கார்டில் மாமியாருக்கு ஏற்கெனவே பென்ஷன் வந்தால், பொதுவாக இரண்டாவது பென்ஷன் கொடுப்பதில்லை. இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: 1,200-ஐ நிறுத்திவிட்டு வந்து, 4,000-மும் கிடைக்காமல் நிற்கிறார்கள்.

தகுதி உண்டு என்று உறுதியானால், வரிசை இதுதான். தமிழ்நாட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டிலிருந்து அம்மாவின் பெயரை நீக்கி, நீக்கியதற்கான சான்றை வாங்குங்கள். அடுத்து ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். மையத்தில் செய்தால் கட்டணம் 75 ரூபாய். பிறகு ஆந்திர ரைஸ் கார்டில் சேருங்கள். பெயர் இரண்டு கார்டில் இருக்கும்வரை இந்தப் படி நகராது. அதன் பிறகு, திருத்தணி தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம், குடிபெயர்ந்துவிட்டதால் பென்ஷனை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்து, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். கடைசியாகப் புதிய மனு.

அம்மா நான்கு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே என்று இருப்பவரானால், எதையும் மாற்றாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

எனக்கு 63 வயது. பள்ளிப்பட்டிலிருந்து மாதத்துக்கு இரண்டு முறை திருப்பதி போகிறேன். ஆந்திர பஸ்ஸில் பெரியவர்களுக்குக் கட்டணம் குறைவு என்கிறார்களே, தமிழ்நாட்டு ஆதார் வைத்திருக்கிற எனக்கும் உண்டா?
— ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

உண்டு. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் 60 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணத்தில் 25 சதவீதம் தள்ளுபடி. எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என வயதைக் காட்டும் ஓர் அட்டை போதும். ஒரிஜினலாகவே எடுத்துப் போங்கள், ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். முக்கியமாக, கண்டக்டர் மிஷினில் டிக்கெட் அடிக்கும் முன்பே "சீனியர் சிட்டிசன்" என்று சொல்லி அட்டையை நீட்டுங்கள். அடித்த டிக்கெட்டைத் திருத்த அவருக்கு வழி கிடையாது. சண்டை வருவதெல்லாம் இதனால்தான். ஆன்லைனில் முன்பதிவு செய்வதானால், பயணி விவரம் கேட்கும் இடத்திலேயே மூத்த குடிமக்கள் சலுகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருத்தணி-திருப்பதி சாலையில் இரண்டு மாநில அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறிவிட்டு இந்தத் தள்ளுபடியைக் கேட்டால் கிடைக்காது. சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்குக் கொடுக்கும் மாதம் 10 இலவச டோக்கன்களும் சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

பெண்கள் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் எல்லா வயதுப் பெண்களுக்கும் இலவசம். ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ஸ்த்ரீ சக்தி இலவசப் பேருந்துத் திட்டம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு மட்டுமே. அதுவும் எல்லை தாண்டும் பேருந்துகளுக்குப் பொருந்தாது. 60 நிறைந்த பள்ளிப்பட்டு அம்மா ஒருவர் ஆந்திர பஸ்ஸில் திருப்பதிக்குப் போனால், அவருக்கும் உங்களைப் போலவே அந்த 25 சதவீதம்தான்.

ரயிலில் முதியோர் சலுகை மறுபடி வந்துவிட்டதா? மகனோடு சேர்த்து டிக்கெட் போட்டால் எங்களுக்கு எப்போதும் மேல் பெர்த்தே விழுகிறது.
— ஒரு வாசகர், அரக்கோணம்

ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 அன்று நிறுத்தப்பட்டது. திரும்பி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் ஆறேழு கீழ்ப்படுக்கைகள், மூன்றடுக்கு ஏசியில் நான்கைந்து. 60 கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் இது பொருந்தும். உங்கள் சிக்கல் மகனைச் சேர்த்ததில் இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் தகுதியுள்ளவர் தனியாகவோ இருவராகவோ இருந்தால்தான் கணினி இந்த ஒதுக்கீட்டில் இடம் தேடும். மூன்றாவது ஆள் வந்தாலோ, இருவரில் ஒருவர் வயது குறைந்தவராக இருந்தாலோ பொது ஒதுக்கீட்டுக்குத் தள்ளிவிடும். நீங்களும் மனைவியும் ஒரு டிக்கெட், மகனுக்குத் தனி டிக்கெட் என்று எடுங்கள். முன்பதிவின்போது லோயர் பெர்த் அல்லது மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். மகனின் பெட்டி வேறாகலாம். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

திருமலையில் 65 வயதானவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் நேராக உள்ளே விடுகிறார்களாமே?
— ஒரு வாசகி, சோளிங்கர்

இல்லை. தேவஸ்தானமே மறுத்த வதந்தி அது. 65 நிறைந்தவர்களுக்கு இலவச தரிசனம் உண்டு, ஆனால் ஆன்லைனில் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே தேவஸ்தான இணையதளத்தில் திறப்பார்கள், ஒரு நாளைக்கு சுமார் 1,000 பேருக்குத்தான் இடம். சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆதார் எண், பெயர், வயதை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். பதிவு இல்லாமல் பெரியவர்களை மலைக்கு அழைத்துப் போய் வெயிலில் அலைய வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. தறி ஓட்டுகிறவர்கள். 70 வயது கடந்தவர்களுக்கான 5 லட்ச ரூபாய் மருத்துவ அட்டைக்குப் போனோம். கைரேகை விழவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.
— ஒரு வாசகர், ஆர்.கே.பேட்டை

ஆண்டுக்கணக்காக நூலைப் பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. அதற்காகத் தகுதி போய்விடவில்லை. ஆதாரில் பதிவான செல்போனுக்கு வரும் ஓடிபி, கருவிழி, முகப் பதிவு ஆகிய வழிகளும் உண்டு. முதலில் அப்பாவின் ஆதாரில் வீட்டில் உள்ள செல்போன் எண்ணை இணையுங்கள். ஆதார் மையத்துக்கு நேரில் போய் இணைக்கலாம். இந்த அட்டை மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் வருவது. பிறகு ஆயுஷ்மான் செயலியில் வீட்டிலிருந்தே ஓடிபி போட்டு எடுக்கலாம்.

2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய இந்த அட்டைக்கு வருமான வரம்பு கிடையாது, ஆதாரில் வயது 70 ஆகியிருந்தால் போதும். அப்பாவுக்குக் கிடைக்கும், அம்மாவுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. அதுவரை முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கான கட்டணமில்லா எண் 1800 425 3993.

70 வயதுக்கான இந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. மாதாந்தர சர்க்கரை மாத்திரைக்கோ, புறநோயாளியாகப் போய் எடுக்கும் ஸ்கேனுக்கோ ஆகாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்ததா, உங்களுக்கு வேண்டிய சிகிச்சை அங்கே அதில் உண்டா என்பதை அட்மிஷன் போடும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். எல்லை தாண்டிப் போகும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். 14555-லும் விசாரிக்கலாம். அட்மிஷன் போட்டு, முன்பணம் கட்டிய பிறகு அட்டையை எடுத்தால் கட்டிய பணத்தை மீட்பது பெரும்பாடு.

ரிட்டயர் ஆன பணம் 5 லட்சம் இருக்கிறது. வங்கி டெபாசிட்டா, தபால் அலுவலகமா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

வங்கிகள் 60 கடந்தவர்களுக்குப் பொதுவாக அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன. தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் நிர்ணயித்தார்கள். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது என்பதால் அன்றைய விகிதத்தைக் கேட்டுச் சேருங்கள். 8.2 சதவீதத்தில் 5 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 10,250 ரூபாய். உச்சவரம்பு 30 லட்சம். வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி சேராது, ஆகவே சேமிப்புக் கணக்கில் தானாக விழும்படி எழுதிக் கொடுங்கள். ஓராண்டுக்குள் மூடினால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் மூடினால் அசலில் 1.5 சதவீதமும், அதற்குப் பிறகு 1 சதவீதமும் போகும். அவசரத் தேவைக்கான பணத்தை இதில் பூட்ட வேண்டாம்.

பாட்டிக்குக் காது கேட்கும் கருவி இலவசமாகக் கிடைக்குமா?
— ஒரு வாசகி, புத்தூர்

மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கிடைக்கும். 60 வயது கடந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழ் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, பல்செட், மூக்குக் கண்ணாடியும் இதில் வருகின்றன. மாவட்டங்களில் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் முகாமில் முதலில் அளவெடுப்பார்கள். கருவி கைக்கு வர இன்னொரு நாள். ஆதாரையும் வருமானச் சான்றையும் அளவெடுக்கும் நாளிலேயே கொண்டு போங்கள். அடுத்த முகாம் எங்கே என்று மூத்தோர் உதவி எண் 14567-இல் காலை 8 முதல் இரவு 8 வரை கேட்கலாம்.