ஊர் விட்டு ஊர் போய் அடித்த ஸ்கோர்: கோல்ஃப் ஹேண்டிகேப் கேள்வி பதில்

நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான்: "வெளியூரில் ஆடிவிட்டு வந்தேன், இந்த ஸ்கோரை என்ன செய்வது?" கிளப்பின் ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் சலுகை அடிகள்) கமிட்டியில் சில வருடம் உட்கார்ந்த பாவம், இன்னும் விடவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆடும் நம்மவர்கள் அனுப்பியவற்றில் சிலவற்றை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொள்கிறேன்.

டல்லாஸில் ஒரு கிளப்பில் மெம்பர். ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் வாசம். இங்கேயும் ஒரு கிளப்பில் சேர்ந்தேன், புது நம்பர் கொடுத்துவிட்டார்கள். டல்லாஸ் கணக்கில் 16.8, இங்கே மூன்றே ரவுண்டில் 12.9. போட்டிக்கு எதைச் சொல்வது?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு ஸ்கோர் பதிவு, ஒரு இண்டெக்ஸ், அதாவது ஹேண்டிகேப் எண் (குறைந்த எண் என்றால் நல்ல ஆட்டக்காரர்). டெக்சஸ் சங்கம் வேறு, தெற்குக் கலிஃபோர்னியா சங்கம் வேறு என்றாலும் இரண்டுக்கும் பின்னால் கணக்குப் போடுவது அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.யின் ஒரே கணினி. அதில் உங்களுக்குத் தரும் மெம்பர் நம்பரை எல்லாரும் 'ஜின் நம்பர்' என்பார்கள் (குடிக்கிற ஜின் அல்ல, அதற்கு 19-வது ஹோல், அதாவது கிளப்பின் மதுக்கூடம், வரை பொறுக்க வேண்டும்). சேரும்போதே "என்னிடம் ஏற்கெனவே நம்பர் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் அதே நம்பரில் இரண்டாவது கிளப்பையும் சேர்த்திருப்பார்கள். இப்போதும் ஒன்றும் குடிமுழுகவில்லை. இரண்டு நம்பரையும் எழுதி, ஒன்றாக இணைக்கச் சொல்லி இரு கிளப்புக்கும் மெயில் போடுங்கள். எது உங்கள் 'ஹோம் கிளப்' என்றும் சொல்லிவிடுங்கள். இண்டெக்ஸைக் கண்காணிப்பது அந்த ஹோம் கிளப்பின் பொறுப்பு.

அந்த 12.9-ஐப் பார்த்து ரொம்பப் பூரிக்க வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டில் அடித்ததையும் மைதானத்தின் கடினத்தை வைத்து ஒரு எண்ணாக மாற்றுவார்கள் (கணக்கு கீழே வருகிறது). இப்படி மூன்று ஸ்கோர் மட்டும் இருக்கும்போது, அதில் மிகச் சிறந்ததை எடுத்து இன்னும் 2.0 கழிப்பதுதான் விதி. அதாவது உங்கள் நல்ல ரவுண்ட் 14.9-க்குத்தான் வந்திருக்கிறது. நான்கு ஸ்கோர் ஆனால் கழிவு 1.0, ஐந்தில் கழிவே இல்லை. 20 ஸ்கோர் சேர்ந்த பிறகுதான் முழுக் கணக்கு: கடைசி 20-ல் சிறந்த எட்டின் சராசரி. இரண்டு பதிவும் இணைந்ததும் 12.9 மறைந்து, 16.8-க்குக் கொஞ்சம் கீழே எங்காவது போய் நிற்கும். இணையும் வரை போட்டி வந்தால் குறைந்த எண்ணைச் சொல்லி ஆடுங்கள் என்பது என் யோசனை. பரிசு கிடைக்காமல் போகலாம், பேச்சு வராது.

பதிவில் ஸ்கோருக்குப் பக்கத்தில் 'ஏ' என்ற எழுத்து வந்திருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியூர் ஆட்டம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். வீட்டு மைதானத்தில் அடித்ததற்கும் அதற்கும் கணக்கில் ஒரே எடை.

நான் ஸ்காபரோவில் இருக்கிறன். பெப்ரவரியில ஃபுளோரிடா போய் ரெண்டு கிழமை விளையாடிப்போட்டு வந்தனான். எங்கட பக்கம் அப்ப சீசன் மூடியிருந்தது. அந்த ஸ்கோர் ஒண்டும் போடத் தேவையில்லைத்தானே?

தேவை. சீசன் திறந்திருக்கிறதா என்பதை ஆடிய இடத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள், வீடு இருக்கும் இடத்தை வைத்து அல்ல. ஒன்டாரியோவில் ஏப்ரல் 15 முதல் அக்டோபர் 31 வரைதான் ஸ்கோர் கணக்கில் சேரும். ஃபுளோரிடாவில் வருடம் முழுக்கச் சேரும். ஆகவே பெப்ரவரி ரவுண்டுகள் எல்லாம் கோல்ஃப் கனடா பதிவில் ஏற வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நவம்பரில் ஒரு நாள் வெயில் அடித்து, ஸ்காபரோ பக்கத்திலேயே போய் 79 அடித்தாலும் அது கணக்கில் சேராது. படம் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். டிசம்பரில் சென்னை போகிறேன். மாமா மெம்பராக இருக்கும் கிளப்பில் கெஸ்ட்டாக ஆடுவேன், சில நாள் பை தூக்கிவரும் கேடியோடு நான் மட்டும். இந்தியாவில் அடித்தது இங்கே ஏறுமா?

ஏறும், ஏற்றவும் வேண்டும். 2020-க்கு முன்னால் என்றால் இது பெரிய தலைவலி. உலகத்தில் ஆறு விதமான ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. அமெரிக்க முறையில் 20-ல் சிறந்த பத்தை எடுத்து 0.96-ஆல் பெருக்குவார்கள், இண்டெக்ஸ் மாதத்துக்கு இரண்டு தடவைதான் மாறும். ஆஸ்திரேலியாவில் சிறந்த எட்டு, 0.93. பிரிட்டனில் சராசரியே கிடையாது, ஒவ்வொரு போட்டிக்கும் 0.1, 0.2 என்று ஏறி இறங்கும். யு.எஸ்.ஜி.ஏ.யும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து அந்த ஆறையும் ஒன்றாக்கியதுதான் இப்போதைய உலக ஹேண்டிகேப் முறை. இந்தியன் கோல்ஃப் யூனியனும் இதற்குள்தான் இருக்கிறது.

ஆனால் சென்னை ஸ்கோர் தானாகப் பறந்து நியூ ஜெர்சிக்கு வராது. நீங்கள்தான் எடுத்துவர வேண்டும். முதல் டீக்கு (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) போகும் முன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆடப்போகும் டீயின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள்), ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம்), பார் (மைதானத்துக்கு வகுத்த அடிகள்). ஸ்கோர் கார்டிலோ அறிவிப்புப் பலகையிலோ இருக்கும், போனில் ஒரு படம் எடுத்தால் போதும். கார்டு பழைய அச்சாக இருந்தால் ஆபீஸில் கேளுங்கள். மைதானத்தை மறுபடி மதிப்பிட்டு எண் மாறியிருக்கலாம். யு.எஸ்.ஜி.ஏ. தளத்திலும் வெளிநாட்டு மைதானங்களின் ரேட்டிங்கைத் தேடிப் பார்க்கலாம். ரேட்டிங்கே இல்லாத மைதானம் என்றால் ஸ்கோர் போட வழியில்லை, ஆடிய சந்தோஷம் மட்டும் மிச்சம்.

தனியாக ஆடுவது பற்றி. யாருமே கூட இல்லாமல் ஆடிய ரவுண்டை அமெரிக்காவில் 2016 முதல் ஏற்பதில்லை. கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அவரும் ஆடியாக வேண்டும் என்பதில்லை. 18 ஹோலும் உங்களோடு நடந்து, ஒவ்வொரு அடியையும் பார்க்கும் கேடி இருந்தால் தனியாக ஆடியதாக ஆகாது. சொல்லப்போனால், எத்தனை அடி அடித்தீர்கள் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்காட்லாந்து போகிறோம், நான்கு பேர். ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்கள் என்கிறார்கள். அங்கே எல்லாரும் பாயிண்ட் கணக்கில்தான் ஆடுவார்களாமே, அதை எப்படி இங்கே ஸ்கோராக மாற்றுவது?

சான்றிதழ் விஷயம் சுலபம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் இண்டெக்ஸ் 36-க்குள் இருக்க வேண்டும், ஆதாரம் காட்டவும் வேண்டும். புறப்படும் முன் ஹேண்டிகேப் ஆப்பில் இருப்பதை ஒரு தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் முன்னால் நிற்கும்போது போன் சிக்னல் போய்விட்டால் தர்மசங்கடம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாய்களோடு நடக்கும் நாள் அது.

பாயிண்ட் கணக்கு, அதாவது ஸ்டேபிள்ஃபோர்ட், பயப்படும்படி ஒன்றுமில்லை. பாயிண்டோடு ஒவ்வொரு ஹோலிலும் அடித்த அடிகளையும் எழுதிவையுங்கள். வீட்டுக்கு வந்து போஸ்ட் பண்ணுவது அடிகளைத்தான். பந்தைக் கையில் எடுத்துவிட்ட ஹோலுக்கு என்ன போடுவது? வாய்ப்பே இல்லாமல் எடுத்திருந்தால் நெட் டபுள் போகி: பாரோடு இரண்டு, அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். பார் 4, ஸ்ட்ரோக் ஒன்று என்றால் ஏழு. அங்கே ஒன்பது அடித்திருந்தாலும் ஹேண்டிகேப்புக்கு ஏழுதான்.

நிஜமான சிக்கல் டீ நிறத்தில் இருக்கிறது. பிரிட்டனில் வெள்ளை டீ பெரும்பாலும் மெம்பர்களின் போட்டிக்கு; விருந்தாளிகளை மஞ்சளுக்கு அனுப்புவார்கள். ஊருக்கு வந்து ஆப்பைத் திறந்தால் அந்த மைதானத்தின் பெயருக்குக் கீழே நாலைந்து டீ வரிசையாக நிற்கும். களைப்பில் மேலே இருப்பதைத் தட்டிவிடுவோம். அதனால் என்ன ஆகிவிடும் என்று பாருங்கள். வெள்ளை டீ ரேட்டிங் 71.3, ஸ்லோப் 128 என்றும், மஞ்சள் 69.1, 121 என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் மஞ்சளில் 88 அடித்தீர்கள். 88-லிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் 17.7. அதே 88-ஐ வெள்ளையில் போட்டால் 14.7. ஒரு விரல் தவறியதில் மூன்று ஸ்ட்ரோக் நல்ல ஆட்டக்காரர் ஆகிவிட்டீர்கள். அந்த 14.7 சிறந்த எட்டில் போய் உட்கார்ந்துகொண்டால், இன்னும் 20 ரவுண்ட் ஆடும் வரை இறங்காது.

இது என் சொந்த அனுபவம். அரிசோனாவில் ஒரு வாரம் ஆடிவிட்டு வந்து, ஐந்து ரவுண்டையும் ஒரே இரவில் உட்கார்ந்து போட்டேன். இரண்டு ரவுண்டுக்கு டீ மாறிப்போனது. அடுத்த மூன்று மாதம் கிளப்பில் யாரிடமும் ஜெயிக்க முடியவில்லை, காரணமும் புரியவில்லை. ஒரு நண்பர்தான் என் பதிவைப் பார்த்துவிட்டு "நீ எப்போதய்யா கறுப்பு டீயிலிருந்து அடித்தாய்?" என்றார். அன்றிலிருந்து கார் பார்க்கிங்கை விட்டு வண்டி நகரும் முன்பே ஸ்கோரைப் போட்டுவிடுகிறேன்.

அங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் சாதாரண ஆட்டத்தைக்கூட, தொடங்கும் முன்பே ஆப்பில் பதிந்துவிட்டு அடிப்பதைப் பார்ப்பீர்கள். அது அவர்கள் சங்கத்தின் கட்டுப்பாடு. அமெரிக்கப் பதிவு உள்ளவர்களிடம் முன்பதிவு கேட்பதில்லை. ஆடியதை எல்லாம் போட வேண்டும், அவ்வளவே.

போன மாதம் ஆடிய இரண்டு ரவுண்டைப் போட மறந்துவிட்டேன். இப்போது போடலாமா?

போடுங்கள், ஆடிய தேதியோடு. இன்றைய தேதியில் போட்டால் கடைசி 20-ன் வரிசை குலையும். தேதி சரியாக இருந்தால் ஸ்கோர் தன் இடத்தில் போய் உட்காரும், மறுநாள் இண்டெக்ஸ் திருந்தும்.

சிட்னியிலிருந்து சித்தி மகன் வருகிறான். அவன் ஆப்பில் இரண்டு எண் காட்டுகிறது. இங்கே எங்கள் கிளப் ஆட்டத்தில் எதை எடுத்துக்கொள்வது?

புள்ளி வைத்த எண்ணை. அதுதான் அவருடைய இண்டெக்ஸ், எந்த நாட்டிலும் செல்லும். முழு எண்ணாக இருக்கும் 'டெய்லி ஹேண்டிகேப்' அவர் ஊர் மைதானத்துக்குப் போட்ட கணக்கு, அதை விமானத்தில் ஏற்றக் கூடாது. இண்டெக்ஸை உங்கள் டீயின் ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வருவதைச் சேர்த்தால் இங்கே அவருக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று வந்துவிடும். 14.2 இண்டெக்ஸ், ஸ்லோப் 128, ரேட்டிங் 71.3, பார் 72 என்றால் 15. கிளப் சுவரில் இதற்கென்றே அட்டவணை மாட்டியிருப்பார்கள். ஆடி முடித்ததும் உங்கள் கார்டைப் படம் எடுத்து அவரிடம் கொடுத்தனுப்புங்கள். சிட்னியில் அவர் பதிய வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவர் வருடா வருடம் மர்ட்டில் பீச் போகிறார். அங்கே 80-க்குப் பக்கத்தில் அடிக்கிறார், பார்த்திருக்கிறோம். ஆனால் பதிவில் ஏறுவது 95-ம் 97-ம் மட்டும். கேட்டால் "விடுமுறை ஆட்டம்தானே" என்கிறார்.

விடுமுறை ஆட்டம் என்று ஒரு வகை விதிப்புத்தகத்தில் இல்லை. விதிப்படி ஆடி, ரேட்டிங் உள்ள மைதானத்தில், சீசனுக்குள், ஆள் கூட இருந்தால் அது ஸ்கோர். சங்க எல்லை தாண்டிப் போய்விட்டால் கண்ணில் படாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. ஆள் வெளியூர் போவதை நான் சந்தேகிக்க மாட்டேன். போய்வந்த பிறகு இண்டெக்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகிப்பேன்.

கணினியில் ஓரளவு கடிவாளம் உண்டு. கடந்த ஒரு வருடத்தில் அவர் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸிலிருந்து 3.0-க்கு மேல் ஏறினால், அதற்கு மேற்பட்ட ஏற்றம் பாதியாகக் குறைக்கப்படும். 5.0-க்கு மேல் ஏறவே ஏறாது. இதை மீறியும் ஆட்டத்துக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால், கமிட்டிக்கு எழுதுங்கள். ஆடிய தேதி, மைதானம், டீ, கூட ஆடியவர்கள் யார் என்று எழுத வேண்டும்; "அவர் ஏமாற்றுகிறார்" என்று மட்டும் எழுதினால் கமிட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. விவரம் கையில் இருந்தால், போடாத ரவுண்டுக்குப் பதிலாகக் கமிட்டியே ஒரு தண்டனை ஸ்கோரைப் பதிவில் ஏற்றலாம். அந்த ஸ்கோர் நிச்சயம் 95 ஆக இருக்காது.

ஹூஸ்டனில் நன்கொடைக்காக ஒரு ஸ்க்ராம்பிள். எங்கள் டீம் 59! இதைப் போடலாமா?

கூடாது. நான்கு பேர் அடித்ததில் நல்ல பந்தைப் பொறுக்கி எடுத்து ஆடியது உங்கள் ஸ்கோர் அல்ல. கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.