டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தச் சொல்லாதீர்கள்

கேள்வி: பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டு விற்கும் இணையதளம் வழியாக 2023-ல் அப்பாவுக்கு 10 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு எடுத்தேன். 2017 முதல் வேறொரு நிறுவனத்தில் 3 லட்சத்துக்கு இருந்தது. சர்க்கரை நோயைக் குறிப்பிட வேண்டாம் என்று போனில் பேசிய ஊழியர்தான் சொன்னார். இப்போது பைபாஸ் சிகிச்சைக்கான 4.80 லட்சத்தை, நோயை மறைத்ததாகக் கூறி மறுத்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். சர்க்கரை ஓராண்டாகத்தான் என்று மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி வாங்கலாமா?

பதில்: ஊழியர் சொன்னதையும் அடகு நகையையும் ஒதுக்கி வையுங்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் ஒப்புதல். முக்கியமான நோயை மறைத்தால் கோரிக்கையை மறுக்கலாம் என்று 2009-லேயே சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 2017-தான் வழக்கே. பழைய பாலிசியை போர்ட் செய்தீர்களா, அதாவது அதன் தொடர்ச்சியாகவே புதிய நிறுவனத்துக்கு மாற்றினீர்களா, அல்லது அதைக் கைவிட்டுப் புதிதாக வாங்கினீர்களா? இடைவெளியின்றிப் போர்ட் செய்திருந்தால் பழைய ஆண்டுகளும் சேரும். தொடர்ந்து 60 மாதம் முடிந்த பாலிசியில், மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது. 2024-ல்தான் இது 8 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைந்தது. ஆனால் இந்தப் பாதுகாப்பு பழைய 3 லட்சத்துக்குத்தான். கூட்டிய தொகைக்கு 2023-லிருந்தே கணக்கு.

இனி நீங்கள் கேட்ட திருத்தம். என்னிடம் வந்தவர்கள் வழக்கைக் கெடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அனுமதித்த அன்று "8 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின்" என்று கேஸ் ஷீட்டில் கையால் எழுதியிருப்பார்கள். அதன் நகலை நிறுவனத்தின் விசாரணையாளர் எடுத்துப் போயிருப்பார். அதற்கு முரணாக இன்று நீங்கள் வாங்கும் கடிதம், அவர்கள் தேடும் மோசடிக்கு நீங்களே தரும் சாட்சி. 60 மாதப் பாதுகாப்பு அதோடு போய்விடும். குற்ற வழக்குக்கும் இடமுண்டு. மருத்துவர் தெரிந்தவராக இருந்தாலும் கேட்காதீர்கள், அவரையும் சிக்க வைப்பீர்கள்.

போர்ட் என்றால், நிறுவனத்திடம் முறையிட்ட பிறகு காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் செல்லுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சமரசத்தில் 3 லட்சம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி 1.80 லட்சத்துக்காக இழுக்காதீர்கள். புதிய பாலிசி என்றால் உங்கள் பக்கம் பலவீனம். அவர்கள் எதைக் கொடுக்க முன்வந்தாலும் அதில் முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய பாலிசி ஷெட்யூலில், அதாவது பாலிசியின் விவரப் பக்கத்தில், முதல் காப்பீடு தொடங்கிய தேதி என்ற கட்டத்தைப் பாருங்கள். 2017 என்று இருந்தால், அன்று முதலான எல்லா ஷெட்யூல்களோடும் வாருங்கள்.