ஊசி போடும் கை யாருடையது?

கேள்வி: புளியரைக்கு அருகில் வசிக்கிறோம். எங்கள் பகுதி கிளினிக்கில் டாக்டர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வருவார். பகலில் அங்கிருக்கும் இளம்பெண்ணே காய்ச்சலுக்கு ஊசி போட்டு, பெயர் எழுதாத பொட்டலத்தில் மாத்திரை தருகிறார். போட்ட ஊசிகள் மேசைக்கடியில் திறந்த அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. சென்ற வாரம் ஊசி போட்டதும் என் மாமியாருக்கு வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்தது; அந்தப் பெண் பயந்து அழுதுவிட்டார். மாமியார் பிறகு தெளிந்துவிட்டார். புகார் செய்யலாமென்றால், "இருக்கிற ஒரு கிளினிக்கையும் மூடவைக்கப் போகிறாயா?" என்கிறார் கணவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது, அந்தப் பெண் அழுதுவிட்டார் என்ற வரிதான். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தம் சரிந்து, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துக்கொள்ளலாம். அப்போது தொடைத் தசையில் உடனே அட்ரினலின் போட்டால்தான் உயிர் பிழைக்கும். உங்கள் மாமியாருக்கு வந்தது அதுதானா, பயத்தால் வந்த வெறும் மயக்கமா என்று பிரித்தறியவே பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி உள்ள ஒருவர் அருகில் இல்லாத நேரத்தில் எந்தக் கிளினிக்கிலும் ஊசி போடக் கூடாது.

செவிலியர் பட்டயப் படிப்புக்கு மூன்று ஆண்டுகள் ஆகும்; துணைச் செவிலியருக்கு இரண்டு ஆண்டுகள். படித்து முடித்தவர் செவிலியர் கவுன்சிலில் பதிவும் செய்திருக்க வேண்டும். அப்படிப் படித்தவரேயானாலும், டாக்டர் பார்க்காத நோயாளிக்குத் தானாக மருந்தைத் தீர்மானித்துக் கொடுப்பது வைத்தியம் பார்ப்பதாகிவிடும். தகுதியின்றி வைத்தியம் பார்ப்பவருக்கு 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. நாளை ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர், சொற்பச் சம்பளத்துக்கு அங்கே நிற்கும் அந்தப் பெண்தான். அவரிடம் கோபப்படாதீர்கள், ஊசியை அவர் கையில் கொடுத்தவரே பொறுப்பு.

அட்டைப்பெட்டி விஷயமும் சிறியதல்ல. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகள் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில்தான் போடப்பட வேண்டும். 2009இல் குஜராத்தின் மொடாசா பகுதியில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் கல்லீரல் அழற்சி பரவிப் பலர் இறந்தார்கள். உறையைக் கண்ணெதிரே பிரித்துப் புது ஊசியால் போடும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரையே பெரும்பாலும் போதும். "ஊசி போட்டால்தான் கேட்கும்" என்ற நம் பிடிவாதமும் இந்த ஆபத்தை வளர்த்திருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. ஆகவே முதலில் அவரையும் அழைத்துக்கொண்டு மாலையில் டாக்டரையே பார்த்துப் பேசுங்கள். பகலுக்குத் தகுதியுள்ள செவிலியரை நியமித்து, தம் மேற்பார்வையில் மட்டும் ஊசி போட வைப்பாரா, அல்லது பகலில் கிளினிக்கை மூடிவைப்பாரா என்று நேராகக் கேளுங்கள். அவர் அசட்டை செய்தால், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். உங்கள் பக்கத்தில் பலர் ஆரியங்காவு தாண்டியும் வைத்தியத்துக்குப் போவதுண்டு. எல்லைக்கு அந்தப் பக்கக் கிளினிக்காக இருந்தால் கேரளத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும், இங்கே கொடுக்கும் மனு அங்கே செல்லாது. புகார் போனதுமே கிளினிக்கைப் பூட்டிவிட மாட்டார்கள். விளக்கம் கேட்ட பிறகே பதிவை ரத்து செய்ய முடியும். அதுவரை பகலில் காய்ச்சல் என்றால் செங்கோட்டை அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அன்று மாமியாருக்குப் போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்பைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி அவருடைய பர்ஸிலேயே வைத்துவிடுங்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும் ஊசிக்கு முன் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.