கம்பெனிக் காலத் துப்பாக்கி நகல்கள்: கேள்வி பதில்

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய கண்காட்சிக்காகச் சிப்பாய் மஸ்கட் நகல் ஒன்று வாங்கினோம். பூட்டுத் தகட்டில் (சுடும் பொறி பொருத்தப்பட்ட பக்கத் தகடு) கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் உள்ளன. பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 'டவர்' என்பது லண்டன் கோட்டையிலிருந்த அரசுப் படைக்கலத் துறையின் முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகத் தானே செய்வித்த துப்பாக்கிகளில், அக்காலத்தில், இதய வடிவத்துக்குள் கம்பெனியின் பெயரெழுத்துகள் அமைந்த வணிகச் சின்னமே இருந்தது. பாயும் சிங்கச் சின்னம் 1808-ஐ ஒட்டித்தான் வந்தது. அடுத்து, குழலை அளந்து பாருங்கள். கம்பெனி பயன்படுத்தியதும், பிரெஞ்சுப் போரின் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசும் ஏற்றுக்கொண்டதுமான 'இந்தியா பேட்டர்ன்' குழல் 39 அங்குலம். கடைகளில் 'பிரவுன் பெஸ்' என்று கிடைக்கும் நகல்கள் பலவற்றுக்கு 42 அங்குலக் குழல் இருக்கும். அது முந்தைய 'ஷார்ட் லேண்ட்' வகை. மூன்றாவதாக, சக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் குதிரையின் கழுத்து வளையம் போல் அமைந்திருந்தால், அது 1809-இல் அரசுத் துப்பாக்கிகளுக்கு வந்த மாற்றம் என்பதால், வேலூருக்கு மூன்று ஆண்டு பிந்தியது.

கேள்வி: 'டவர் 1806' என்று ஆண்டையும் பொறித்துவிட்டால்?

பதில்: கூடாது. அரசுப் பூட்டுகளில் ஆண்டு பொறிக்கும் வழக்கம் 1764-இல் நின்றுவிட்டது.

கேள்வி: அருங்காட்சியகங்களில் உள்ள குழல்கள் கரும்பழுப்பு நிறம். எங்கள் நகல் பளபளக்கிறது. கருமையேற்றலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அங்கே காண்பது இருநூறு ஆண்டுத் துருவும் கைபட்ட கறையும். வரிசைக் காலாட்படையின் (அணிவகுத்து நின்று சுடும் வழக்கமான காலாட்படை) குழல் வெள்ளையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. செங்கற்பொடியால் அதைத் துலக்குவது படைவீரனின் அன்றாட வேலை.

கேள்வி (அதே நண்பர்): ஆனால் பழுப்பேற்றிய குழல்களும் இருந்தனவே?

பதில்: இருந்தன, இதை மறுக்கவில்லை. இலகு காலாட்படைக்கும் ரைஃபிள் படைக்கும் பழுப்பேற்றினார்கள். நீங்கள் காட்டுவதோ வரிசைச் சிப்பாயை. விதிவிலக்கை எடுத்து விதியாக்கினால் பார்வையாளர் தவறான சித்திரத்தோடு திரும்புவார். புதியதாக இருந்தபோது எப்படி இருந்ததோ, அப்படித்தான் நகல் இருக்க வேண்டும்; அருங்காட்சியகப் பொருளின் முதுமையை நகலெடுப்பது வேறு வேலை.

கேள்வி: 1799 குதிரைப்படை வீரனுக்குப் பேஜட் கார்பைன் (குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கி) தரலாமா?

பதில்: அது 1808 அளவில் வந்தது. வேறு தேடுங்கள்.

கேள்வி: 1857 என்று விற்கப்படும் என்ஃபீல்டு நகலின் குழலுக்குள் வரிப்பள்ளங்களே (குண்டைச் சுழலச் செய்யும் சுருள் பள்ளங்கள்) இல்லையே?

பதில்: 1853 மாதிரி என்ஃபீல்டு 39 அங்குலக் குழலும், அதைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று வளையங்களும் கொண்டது; 0.577 அங்குல வாய்க்குள் மூன்று வரிப்பள்ளங்கள் சுழன்று செல்லும். உள்ளே வழவழப்பான, அகன்ற வாயுள்ள 1858 மாதிரி மஸ்கட் கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்களின் கையில் ரைஃபிள் இருக்கக் கூடாது என்று வழங்கப்பட்டது. உங்கள் நகலை அப்படி அறிமுகப்படுத்தினால், கதையே ஆழமாகும்.

கேள்வி: அதைச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. காட்சி நகலின் குழல் வெடிமருந்தின் அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டதல்ல. துளையிட்டு மருந்து கெட்டித்தால் குழல் கையிலேயே பிளக்கும். உரிமம் பற்றி மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நாடகத்தில் வேலூர்ச் சிப்பாய்க்கு 'டவர் 1805' பொறித்த மஸ்கட் தரலாமா?

பதில்: முதல் இரு பதில்களையும் படியுங்கள்.