பள்ளித் தோட்டத்தால் பிள்ளைகளின் உடல்நலத்துக்குப் பயன் உண்டா?

சென்னையில் இடநெருக்கடி மிகுந்த ஒரு பள்ளி, மொட்டைமாடியில் தோட்டம் போடுவதால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாடியில் சில பைகளில் வளரும் கீரை அந்த அளவை எட்டாது. ஆயினும், தட்டில் கீரையை ஒதுக்கிவைக்கும் குழந்தை, தான் விதைத்த சிறுகீரையைத் தானே பறித்து, அது கடைசலாகத் தட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு வாயாவது சுவைத்துப் பார்க்கிறது என்பதே, என் கருத்தில், முதன்மையான பயன். மண் கிளறுவதும் நீர் சுமப்பதும் உடலுக்கு உழைப்பாகின்றன. கத்திரி வெயிலுக்கு நிழல்வலை தேவை. மழைக்காலத்தில் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், வாரம் ஒருமுறையேனும் அந்தத் தட்டுகளைக் கவிழ்த்து, ஓரங்களில் ஒட்டிய முட்டைகளும் போகும்படி தேய்த்துக் கழுவ வேண்டும்.